ஓடும் முறை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதிதாக ஓட ஆரம்பித்தவர்களும் சரி, சில வருடங்களாக ஓடுகிறவர்களும் சரி, சுற்றிச் சுற்றி ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதி அலுத்துப்போய், எல்லாவற்றையும் ஒரே இடத்தில் சேர்த்துவிட்டேன். கேள்விகளை அவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன். முடிந்தால் வரிசையாகப் படியுங்கள். பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதை வைத்துக்கொண்டுதான் போகும். நான் மருத்துவர் இல்லை. வலி பற்றிய கேள்விகளில் அந்த எல்லையைத் தாண்டவில்லை.

ஓடுறது சின்ன வயசுலேயே தானா வர்ற விஷயம். அதுக்கு எதுக்குங்க டெக்னிக்?

வாஸ்தவம், ஓட யாரும் நமக்குக் கற்றுக்கொடுக்கவில்லை. ஆனால் குழந்தை ஓடுவது அரை நிமிடம், அப்புறம் நின்றுவிடும். நாம் பகல் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்துவிட்டு, அதே உடம்போடு ஒரு மணி நேரம் ஓடப் பார்க்கிறோம். நடக்கும்போது ஏதாவது ஒரு கால் எப்போதும் தரையில் இருக்கும். ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் இரண்டு காலும் சற்று நேரம் காற்றில் இருக்கும். அங்கிருந்து இறங்கும்போது ஒற்றைக் கால் தாங்கும் விசை உடல் எடையைப் போல இரண்டு முதல் மூன்று மடங்கு. மெதுவாக ஓடினால் ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் ஆயிரம் அடி வரும். கால் இறங்கும் விதத்தில் இருக்கும் சின்னக் கோளாறுகூட அத்தனை தடவை திரும்ப வருகிறது.

அதற்காகத் தலையிலிருந்து பாதம் வரை எல்லாவற்றையும் மாற்றக் கிளம்ப வேண்டாம். பெரும்பாலானவர்களுக்குத் திருத்த வேண்டியது ஒன்றோ இரண்டோதான் இருக்கும். ஓட ஆரம்பித்து மூன்று மாதம் ஆகவில்லை என்றால் அதுவும் வேண்டாம். வாரத்துக்கு மூன்று நாள், பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகத்தில் ஓடிப் பழகுங்கள். உடம்பு பழகப் பழகப் பாதிக் கோளாறு சொல்லாமலே போய்விடும்.

சரியான ஃபார்ம்னு ஒண்ணு இருக்கா? யாரைப் பார்த்துக் காப்பி அடிக்கலாம்?

யாரையும் வேண்டாம். எமில் ஸாட்டோபெக் ஓடும்போது தலை ஆடும், முகம் கோணும், ஏதோ வேதனையில் இருப்பவர் போலத் தெரிவார். அந்த மனிதர் 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் 5,000 மீட்டர், 10,000 மீட்டர், மாரத்தான் மூன்றிலும் தங்கம் வாங்கினார். பவுலா ராட்கிளிஃப் ஒவ்வோர் அடிக்கும் தலையை ஆட்டிக்கொண்டே 2003இல் லண்டனில் 2 மணி 15 நிமிடம் 25 வினாடியில் மாரத்தான் ஓடினார். பெண்களுக்கான அந்த உலக சாதனை 16 வருடம் நின்றது. மைக்கேல் ஜான்சன் முதுகை விறைத்துக்கொண்டு, குட்டிக் குட்டி அடி வைத்து 200 மீட்டரை 19.32 வினாடியில் முடித்தது 1996இல்.

இவர்களிடம் பொதுவாக இருப்பதைப் பாருங்கள். கால் உடம்புக்கு ரொம்ப முன்னால் போய் விழாது; இடுப்பு இருந்த உயரத்திலேயே இருக்கும்; தரையைத் தொட்ட பாதம் சட்டென்று கிளம்பிவிடும். மற்றதெல்லாம் அவரவர் எலும்பின் நீளத்தையும் மூட்டின் அமைப்பையும் பொறுத்தது. நாம் கவனிக்க வேண்டியது அந்தப் பொதுவான பகுதியை மட்டும்தான்.

என் ஃபார்ம் எப்படி இருக்குன்னு நானே எப்படிப் பார்க்கிறது?

செல்போன் போதும். ஸ்லோ மோஷனில் வைத்து, இடுப்பு உயரத்தில், பக்கவாட்டிலிருந்து ஒன்று, பின்னாலிருந்து ஒன்று எடுக்கச் சொல்லுங்கள். பத்து நிமிடம் ஓடி உடம்பு சூடான பிறகு ஒரு தடவை, ஓட்டம் முடியும் தறுவாயில் களைத்திருக்கும்போது ஒரு தடவை. கேமரா இருப்பது தெரிந்தால் எல்லோருமே கொஞ்சம் அழகாகத்தான் ஓடுவோம், அதனால் களைப்பில் எடுத்ததைத்தான் நம்பலாம்.

பக்கவாட்டுப் படத்தில், பாதம் தரையைத் தொடும் அந்த ஒரு ஃபிரேமில் நிறுத்துங்கள். முழங்காலுக்குக் கீழே இருக்கும் கால் பகுதி எப்படி நிற்கிறது? செங்குத்தாக இருக்கிறதா, பாதம் முழங்காலைத் தாண்டி முன்னால் நீண்டிருக்கிறதா? பின்பக்கப் படத்தில் இரண்டைப் பாருங்கள். ஒற்றைக் காலில் நிற்கும் நேரத்தில் இடுப்பின் மறுபக்கம் கீழே சரிகிறதா? பாதங்கள் நடுக்கோட்டைத் தாண்டி ஒன்றின் பாதையில் ஒன்று விழுகின்றனவா? ஆரம்பத்துக்கு இந்த மூன்றும் போதும்.

எனக்குக் குதிகால்தான் முதல்ல தரையில படுது. தப்பா? முன்பாதத்துல இறங்கணும்னு சொல்றாங்களே?

இந்த ஒரு கேள்விக்காகவே தனிப் பக்கம் எழுதலாம். குதிகாலில் இறங்குவது தப்பில்லை. 2004இல் ஜப்பானில் சப்போரோ ஹாஃப் மாரத்தானின் 15ஆவது கிலோமீட்டரில் கேமரா வைத்துத் தேர்ந்த ஓட்டக்காரர்களைப் படம் எடுத்தார்கள். ஏறக்குறைய நான்கில் மூன்று பேர் குதிகாலில்தான் இறங்கினார்கள். முன்வரிசையில் ஓடியவர்களில் நடுப்பாதத்தில் இறங்கியவர்களின் பங்கு கூடுதலாக இருந்தது உண்மைதான். அவர்கள் ஓடிய வேகமும் கூடுதல். வேகம் ஏற ஏறப் பாதம் இறங்கும் இடம் முன்னால் நகர்வது இயல்பு.

முன்பாதத்துக்கு மாறுவதால் அடியின் பாரம் காணாமல் போவதில்லை, இடம்தான் மாறுகிறது. குதிகாலில் இறங்கினால் முழங்கால் அதிகம் சுமக்கும். முன்பாதத்தில் இறங்கினால் கெண்டைக்காலும், அதைக் குதிகாலோடு இணைக்கும் அக்கிலீஸ் தசைநாரும் அதிகம் சுமக்கும். முழங்கால் ஓயாமல் தொந்தரவு தருபவருக்கு இந்த மாற்றம் உதவலாம். கெண்டைக்காலில் ஏற்கெனவே பிரச்சினை இருப்பவருக்கு அதே யோசனை வினையாகிவிடும். எந்தக் கேள்வியும் கேட்காமல் 'முன்பாதத்துல ஓடுங்க' என்று எல்லோருக்கும் சொல்கிறவர் பேச்சை நான் எடுத்துக்கொள்வதில்லை.

அப்ப நிஜமாவே தப்புன்னு எதைச் சொல்வீங்க?

காலை எட்டிப் போடுவதை. ஓவர்ஸ்ட்ரைடிங் என்பார்கள். பாதத்தின் எந்தப் பகுதி முதலில் படுகிறது என்பதைவிட, அது உடம்புக்கு எவ்வளவு முன்னால் படுகிறது என்பதுதான் பெரிய விஷயம். முழங்கால் கிட்டத்தட்ட நீட்டிய நிலையில், பாதம் வெகு முன்னால் போய் விழுந்தால் ஒவ்வோர் அடியும் ஒரு குட்டி பிரேக். அந்த பிரேக்கைத் தாண்டி உடம்பை மறுபடி முன்னால் தள்ள வேண்டும். முழங்கால் மடங்கி அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளவும் இடம் இல்லை.

பாதம் உடம்பின் எடைமையத்துக்குச் சற்று முன்னால்தான் விழும். யாருக்கும் அது சரியாக நேர்கீழே விழாது. ஆனால் அந்த இடைவெளி சிறியதாக, முழங்கால் லேசாக மடங்கி, கீழ்க்கால் ஏறக்குறைய செங்குத்தாக இருந்தால் குதிகாலில் இறங்கினாலும் பாதகமில்லை. முன்பாதத்தில் இறங்கிக்கொண்டே காலை எட்டிப் போடுகிறவர்களும் உண்டு. குதிகால் தப்பு என்று கேள்விப்பட்டு, கட்டைவிரலை நீட்டி நாட்டியம் மாதிரி ஓடுவார்கள். குதிகாலில் இறங்கியதைவிட இது மோசம்.

எட்டிப் போடுகிறோம் என்று தெரிந்தால் 'காலைப் பின்னால் வை' என்று மனதுக்குள் கட்டளை போட்டுப் பெரிதாக எதுவும் நடக்காது. அடுத்த கேள்வியில் வரும் வழிதான் சுலபம்.

நிமிஷத்துக்கு 180 அடி வைக்கணுமாமே? என் வாட்ச் 158ன்னு காட்டுது.

இந்த 180 வந்த கதை இது. ஜாக் டேனியல்ஸ் என்ற பயிற்சியாளர் 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் ஓட்டக்காரர்களின் அடிகளை எண்ணிப் பார்த்தார். கிட்டத்தட்ட எல்லோரும் நிமிடத்துக்கு 180 அல்லது அதற்கு மேல் வைத்தார்கள். அவர்கள் ஒலிம்பிக் போட்டியில், போட்டி வேகத்தில் ஓடியவர்கள். அதிகாலையில் கிலோமீட்டருக்கு ஏழு நிமிடம் என்று ஓடுகிற நமக்கு அதே எண்ணைக் கொண்டுவந்து மாட்டுவதில் அர்த்தம் இல்லை. கேடன்ஸ், அதாவது நிமிடத்துக்கு வைக்கும் அடிகளின் எண்ணிக்கை, வேகத்தோடு ஏறும். கால் நீளமானவருக்குச் சற்றுக் குறைவாக இருக்கும்.

உருப்படியான வழி, உங்கள் எண்ணிலிருந்தே கிளம்புவது. விஸ்கான்சின் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011இல் வெளியிட்ட ஆய்வில், வேகத்தை மாற்றாமல் கேடன்ஸை மட்டும் அவரவர் வழக்கத்தைவிட 5 முதல் 10 சதவீதம் கூட்டச் சொன்னார்கள். அடி குறுகியது, பாதம் உடம்புக்குப் பக்கத்தில் விழுந்தது, முழங்காலும் இடுப்பும் தாங்கிய பாரம் குறைந்தது. உங்கள் 158க்கு 5 சதவீதம் என்றால் 166. அவ்வளவுதான் இலக்கு. படத்தில் கீழ்க்கால் செங்குத்தாகத்தான் இருக்கிறது, வலியும் இல்லை என்றால் 158லேயே இருங்கள்.

வாட்ச் இல்லாதவர்கள் வலது கால் இறங்குவதை 30 வினாடி எண்ணி, நான்கால் பெருக்கிக்கொள்ளலாம்.

கேடன்ஸைக் கூட்டினா வேகமும் கூடிடுது, மூச்சு வாங்குது. என்ன பண்றது?

எல்லோருக்கும் முதலில் இதுதான் நடக்கும். அடியின் நீளம் குறையாமல் எண்ணிக்கை மட்டும் கூடினால் வேகம் ஏறத்தான் செய்யும். சீராகத் தாளம் தட்டும் மெட்ரனோம் செயலியில் புதிய எண்ணை வைத்துக்கொண்டு முதலில் நின்ற இடத்திலேயே ஓடிப் பாருங்கள். தாளம் காலுக்குப் பிடித்ததும் மெல்ல முன்னால் நகருங்கள். டிரெட்மில் கிடைத்தால் இன்னும் நல்லது; பட்டையின் வேகம் மாறாது என்பதால் அடியைக் குறுக்கியே ஆகவேண்டும்.

முழு ஓட்டத்தையும் மெட்ரனோமோடு ஓடாதீர்கள், பைத்தியம் பிடித்துவிடும். பத்து நிமிடத்துக்கு ஒரு நிமிடம் சத்தத்தோடு, மற்றபடி இல்லாமல். வாரம் ஆக ஆக அந்த ஒரு நிமிடத்தை இரண்டு, மூன்று என்று நீட்டுங்கள். பழக ஒன்றரை, இரண்டு மாதம் பிடிக்கலாம்.

கையை என்ன செய்றதுன்னே தெரியல. சும்மா தொங்கவிடலாமா?

கை அலங்காரத்துக்கு இல்லை. வலது கால் முன்னால் வரும்போது உடம்பு ஒரு பக்கம் திரும்பப் பார்க்கும்; இடது கை முன்னால் வந்து அதைச் சரிக்கட்டும். கொலராடோ பல்கலைக்கழகத்தில் 2014இல் இதை அளந்து பார்த்தார்கள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஓடினால் உடம்பு செலவழிக்கும் ஆற்றல் சுமார் 3 சதவீதமும், தலைமேல் வைத்துக்கொண்டு ஓடினால் சுமார் 13 சதவீதமும் கூடியது.

முழங்கையை ஏறக்குறைய செங்கோணத்தில் மடக்கி, தோளிலிருந்து வீசுங்கள். பின்னால் இழுப்பதில் கவனம் இருந்தால் போதும், முன்னால் வருவது தானாக வரும். கை மார்பின் குறுக்கே லேசாக வரலாம்; நடுக்கோட்டைத் தாண்டி மறுபக்கம் போனால் உடம்பு முறுக்கிக்கொள்ளும். ஹெய்லி கெப்ரசெலாஸி சிறுவயதில் புத்தகங்களை இடுக்கிக்கொண்டு பள்ளிக்கு ஓடிய பழக்கத்தில் இடது கையைக் கடைசிவரை கோணலாகத்தான் வைத்திருந்தார். 10,000 மீட்டரில் இரண்டு ஒலிம்பிக் தங்கத்துக்கு அது குறுக்கே நிற்கவில்லை.

அரை மணி நேரம் ஓடினாலே தோளும் கழுத்தும் இறுகிப்போகுது. ஏன்?

பெரும்பாலும் கை விரல்களில் ஆரம்பிக்கிறது. முஷ்டியை இறுக்கினால் முன்கை இறுகும், தோள் காதுப் பக்கம் ஏறும். கட்டைவிரல் ஆட்காட்டி விரல்மேல் லேசாகப் படிந்திருக்கட்டும். செல்போனைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுவதை விட்டுவிடுங்கள். பார்வை தரையில் பத்திருபது மீட்டர் தள்ளி இருக்கட்டும். பாதத்தையே பார்த்து ஓடினால் தலையின் கனம் முழுவதையும் கழுத்து சுமக்கும்.

ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கைகளைத் தொங்கவிட்டு உதறி, மூச்சை நீளமாக விட்டுவிட்டு மறுபடி ஆரம்பியுங்கள்.

முன்னால சாஞ்சு ஓடணும்னு சொல்றாங்க. எவ்வளவு சாயணும்?

கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு. சாய்வு கணுக்காலிலிருந்து வரவேண்டும், உடம்பு முழுக்க ஒரே கோடாக இருக்கவேண்டும். பலர் இடுப்பில் மடங்கிக் குனிந்துவிட்டு அதைச் சாய்வு என்று நினைத்துக்கொள்கிறார்கள். அப்படிக் குனிந்தால் இடுப்பு பின்னால் தள்ளும், பாதம் முன்னால் போய் விழும். எட்டிப் போடுகிற பழைய கதைக்கே திரும்பிவிடுவோம்.

நேராக நின்று, குதிகாலைத் தூக்காமல், விழப்போகிறோம் என்று தோன்றும் வரை மொத்த உடம்பையும் முன்னால் சாயவிடுங்கள். விழாமல் இருக்க ஒரு கால் தானாக முன்னால் வரும், அப்படியே ஓட ஆரம்பியுங்கள். இரண்டு மூன்று தடவை செய்தால் அந்த உணர்வு பிடிபட்டுவிடும். ஓடும்போது சாய்வைப் பற்றி யோசிக்க வேண்டாம். உச்சந்தலையை யாரோ நூல்கட்டி மேலே இழுப்பதாக நினைத்து நிமிர்ந்தாலே போதும்.

மூக்குலயா, வாயிலயா மூச்சு விடணும்?

இரண்டிலும். உடம்புக்குக் காற்று வேண்டும், எந்த வழியாக வந்தால் என்ன. மெதுவான ஓட்டத்தில் மூக்கு மட்டும் போதும் என்றால் நல்லது. வேகம் ஏறும்போதும் வாயை மூடிக்கொண்டு அடம்பிடிப்பதில் லாபம் இல்லை. மார்பின் மேல்பகுதி மட்டும் ஏறி இறங்காமல் வயிறும் விரிகிறதா என்பதைக் கவனியுங்கள். 'இத்தனை அடிக்கு ஒரு மூச்சு' என்ற கணக்கு சிலருக்கு நிதானம் தருகிறது; ஒத்துவராதவர்கள் விட்டுவிடலாம்.

மூச்சு வாங்கி ஒரு முழு வாக்கியம் பேச முடியாமல் போகிறதா? அது வேகத்தின் பிரச்சினை. வேகத்தைக் குறையுங்கள்.

மேட்டுல ஏறும்போதும் இறங்கும்போதும் அதே மாதிரிதான் ஓடணுமா?

ஏறும்போது அடியைக் குறுக்கி, கேடன்ஸை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். கையை நன்றாக வீசலாம். உச்சியைப் பார்த்து ஏங்காமல் சில மீட்டர் முன்னால் பார்த்து ஓடுங்கள். சமதள வேகத்தை மேட்டிலும் இழுத்துப் பிடிப்பது வீண். மூச்சின் அளவை ஒரே மாதிரி வைத்துக்கொண்டால் வேகம் தானாகக் குறையும், குறையட்டும்.

ஆபத்து இறக்கத்தில்தான் இருக்கிறது. பயத்தில் உடம்பு பின்னால் சாயும், கால் நீண்டு குதிகால் ஊன்றி பிரேக் போடும். தொடையின் முன்பக்கத் தசை நீண்டுகொண்டே சுமை தாங்கவேண்டி வருவதால்தான் மறுநாளும் அதற்கடுத்த நாளும் மாடிப்படி இறங்க முடியாமல் போகிறது. அடியை இன்னும் குறுக்கி, வேகவேகமாக வைத்து, உடம்பைச் சரிவோடு ஒத்துப்போகவிடுங்கள். செங்குத்தான இறக்கத்தில் நடந்து இறங்கினாலும் யாரும் ஒன்றும் சொல்லப் போவதில்லை.

டிரெட்மில்லில் நல்லா ஓடுறேன், ரோட்டுல வந்தா தடுமாறுது. ஏன்?

டிரெட்மில்லில் எதிர்க்காற்று கிடையாது, தளம் ஒரே சீராக இருக்கும், வேகத்தை இயந்திரமே பிடித்துவைக்கும். ரோட்டில் இதெல்லாம் உங்கள் பொறுப்பு. காற்றுத் தடையை ஈடுகட்ட டிரெட்மில்லில் 1 சதவீதம் ஏற்றம் வைக்கும் வழக்கம் 1996இல் வெளிவந்த ஓர் ஆய்விலிருந்து வந்தது. அது சற்று வேகமாக ஓடுகிறவர்களுக்குத்தான் பொருந்தும், மெதுவாக ஓடுகிறவர்கள் அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. டிரெட்மில்லில் ஒன்றை மட்டும் தவிருங்கள்: முன்கம்பியைப் பிடித்துக்கொண்டு ஓடுவது. கை வீச்சு பற்றி மேலே சொன்ன எல்லாமே அங்கே அடிபட்டுப் போகும்.

ஷூவைக் கழட்டிட்டு வெறுங்காலில் ஓடினா ஃபார்ம் தானா சரியாகிடுமாமே?

வெறுங்கால் என்றதும் எல்லோரும் அபெபெ பிகிலாவைச் சொல்வார்கள். 1960 ரோம் ஒலிம்பிக் மாரத்தானை வெறுங்காலில் ஓடி வென்றவர். அவரே 1964இல் டோக்கியோவில் ஷூ போட்டுக்கொண்டு, இன்னும் வேகமாக ஓடி, மறுபடி தங்கம் வாங்கினார். அந்தப் பாதியை யாரும் சொல்வதில்லை.

ஹார்வர்டைச் சேர்ந்த டேனியல் லீபர்மன் குழு 2010இல் வெளியிட்ட ஆய்வில், சிறுவயதிலிருந்து வெறுங்காலில் ஓடிப் பழகியவர்கள் பெரும்பாலும் முன்பாதத்தில் இறங்குகிறார்கள், அதனால் தரையைத் தொடும் கணத்தில் வரும் திடீர் அதிர்ச்சி அவர்களுக்குக் குறைவு என்று காட்டினார்கள். வெறுங்கால் மோகம் அதற்குப் பிறகு உச்சத்துக்குப் போனது. 2013இல் வடக்கு கென்யாவின் தாசனச் மக்களைப் பார்த்த வேறொரு குழுவுக்கு நேர்மாறான விடை கிடைத்தது. அவர்களும் வெறுங்காலில் வளர்ந்தவர்கள், ஆனால் சௌகரியமான வேகத்தில் பெரும்பாலானோர் குதிகாலில்தான் இறங்கினார்கள். ஆக, ஷூவைக் கழற்றினால் ஒரே மாதிரி விளைவு எல்லோருக்கும் வரும் என்று சொல்ல வழியில்லை.

அதே 2013இல் பிரிகாம் யங் பல்கலைக்கழக ஆய்வு ஒன்றில், பத்து வாரத்தில் மெல்லிய ஷூவுக்கு மாறியவர்கள் பலரின் பாத எலும்புகளில் வீக்கம் ஸ்கேனில் தெரிந்தது. ஆசையாக இருந்தால் புல்தரையில், ஓட்டம் முடிந்தபின், ஐந்து நிமிடம் ஓடிப் பாருங்கள். பாதத்துக்கு அது நல்ல பயிற்சி. சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் இதைச் செய்யவே கூடாது.

கார்பன் தகடு வச்ச ஷூ போட்டா ஃபார்ம் மேம்படுமா?

நேரம் மேம்படலாம். 2017இல் இந்த வகை ஷூ சந்தைக்கு வந்தபோது, நல்ல ஓட்டக்காரர்களை வைத்துச் செய்த சோதனையில் ஆற்றல் செலவு சராசரியாக 4 சதவீதம் குறைந்தது. தகட்டைவிட, அந்தத் தடித்த நுரை வாங்கிய ஆற்றலைத் திருப்பித் தருவதற்குத்தான் இதில் பங்கு அதிகம். சாலைப் போட்டிகளில் அடிப்பாகத்தின் தடிமன் 40 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கக்கூடாது என்று உலக தடகள அமைப்பு விதியே போட்டிருக்கிறது.

காலை எட்டிப் போடுகிற பழக்கத்தை எந்த ஷூவும் திருத்தாது. அன்றாட ஓட்டத்துக்குக் காலுக்குச் சௌகரியமானதைப் போடுங்கள்.

ஓடுறதுக்கு முன்னால முழங்காலைத் தூக்கித் தூக்கி ஏதோ டிரில் பண்றாங்களே, அது அவசியமா?

அவசியம் என்று சொல்ல மாட்டேன். முழங்காலை உயர்த்துவது, குதிகாலைப் பின்னால் உதைப்பது எல்லாம் உடம்பைச் சூடாக்கும், ஒருங்கிணைப்பை வளர்க்கும். அதைச் செய்வதாலேயே ஓடும் முறை மாறிவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

என்னைக் கேட்டால் ஸ்ட்ரைட்ஸ் எத்தனையோ மேல். மெதுவான ஓட்டம் முடிந்ததும் சமதளத்தில் 15 முதல் 20 வினாடி, படிப்படியாக வேகம் ஏற்றி, முழு வேகத்தைத் தொடாமல், தளர்வாக ஓடுங்கள். ஒரு நிமிடம் நடந்துவிட்டு மறுபடி. நான்கிலிருந்து ஆறு தடவை, வாரத்துக்கு இரண்டு நாள். வேகமாக ஓடும்போது உடம்பு தானாகவே நிமிரும், பாதம் தரையில் தங்கும் நேரம் குறையும். யோசித்துச் செய்தால் வராத ஃபார்ம் அந்த இருபது வினாடியில் தானாக வந்து நிற்கும்.

முதல் அஞ்சு கிலோமீட்டர் அழகா ஓடுறேன். அப்புறம் எல்லாம் குலைஞ்சு போகுது.

உங்களுக்கு ஓடத் தெரிந்திருக்கிறது; தாங்கும் பலம் போதவில்லை. களைத்ததும் இடுப்பு இறங்கும், கேடன்ஸ் குறையும், கால் தரையில் அதிக நேரம் தங்கும். இதற்கு மருந்து வாரத்துக்கு இரண்டு நாள் பலப் பயிற்சி. படியின் விளிம்பில் நின்று ஒற்றைக் காலில் குதிகாலை ஏற்றி இறக்குவது, ஒற்றைக் கால் ஸ்குவாட், மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்குவது, பக்கவாட்டு பிளாங்க். பின்பக்கப் படத்தில் இடுப்பு ஒரு பக்கம் சரிந்தவர்களுக்கு இவை இன்னும் முக்கியம்.

ஓடும்போது களைத்தால் பத்து விஷயத்தை ஒன்றாகத் திருத்தப் பார்க்காதீர்கள். 'நிமிர்', அல்லது 'சத்தம் வராமல்' என்று ஒரே ஒரு சொல். தொப் தொப் என்ற சத்தத்தைக் குறைக்க முயன்றாலே பலருக்கு அடி குறுகி, இறங்குவது மென்மையாகிவிடுகிறது.

மாத்தி ஓட ஆரம்பிச்சதுலேருந்து கெண்டைக்கால் வலிக்குது. விட்டுடணுமா?

இரண்டு கால்களிலும், தசை முழுக்கப் பரவலாக, ஓரிரு நாளில் அடங்கும் வலி என்றால் புதிய வேலைக்குத் தசை பழகுகிறது. ஓடும் தூரத்தைப் பாதியாக்கி, மாற்றத்தை அதில் ஒரு பகுதிக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். தசையைவிடத் தசைநார் மெதுவாகத்தான் பலப்படும் என்பதால் இங்கே அவசரம் ஆகாது.

ஒரே இடத்தில் விரல் வைத்துக் காட்டக்கூடிய வலி, எலும்பின்மேல் அழுத்தினால் சுள்ளென்று வரும் வலி, இரவில் தூங்கும்போதும் இருக்கும் வலி, நொண்ட வைக்கும் வலி, வீக்கம்: இதில் ஏதாவது இருந்தால் ஓட்டத்தை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். எலும்பில் நுண்ணிய விரிசலாக இருக்கலாம். அதோடு ஓடி ஜெயித்தவர் யாரும் இல்லை.

ஃபார்மை மாத்தி ரெண்டு மாசம் ஆச்சு. வேகம் கூடலையே? இன்னும் கஷ்டமாத்தான் இருக்கு.

ஆச்சரியமே இல்லை. அவரவர் இயல்பாக வைக்கும் அடியின் நீளம், அவரவருக்குக் குறைந்த ஆற்றல் செலவாகும் நீளத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது என்று கவனா, வில்லியம்ஸ் என்ற ஆய்வாளர்கள் 1982லேயே காட்டினார்கள். உடம்பு ஆயிரக்கணக்கான அடிகளில் கணக்குப் போட்டுக் கண்டுபிடித்ததை நாம் கலைக்கும்போது முதலில் செலவு ஏறத்தான் செய்யும். 2005இல் வந்த ஓர் ஆய்வில், 'போஸ்' என்ற ஓடும் முறையை டிரையத்லான் வீரர்களுக்கு 12 வாரம் கற்றுக்கொடுத்தார்கள். அடி குறுகியது, ஆனால் அதே வேகத்துக்கு அவர்களுக்கு ஆக்சிஜன் முன்பைவிட அதிகமாகத் தேவைப்பட்டது.

அதனால், எதற்காக மாற்றினீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் இதற்குப் பதில். முழங்கால் வலிக்காக மாற்றினீர்கள், வலி குறைந்திருக்கிறது என்றால் பலன் வந்துவிட்டது. வேகத்துக்காக மட்டும் என்றால் அந்த நேரத்தைக் கூடுதல் தூரத்திலும் ஸ்ட்ரைட்ஸிலும் பலப் பயிற்சியிலும் போட்டிருக்கலாம் என்பது என் கருத்து.

எனக்கு வலியும் இல்ல, டைமிங்கும் ஓகே. பார்க்க நல்லா இல்லைன்னு கூட ஓடுறவங்க சொல்றாங்க. மாத்தணுமா?

வேண்டாம். ஸாட்டோபெக்கை இன்னொரு தடவை நினைத்துக்கொள்ளுங்கள்.

வாட்ச்ல இடது 51.5, வலது 48.5ன்னு வருது. ரெண்டு காலும் சமமா இருக்க வேண்டாமா?

இது பாதம் தரையில் இருக்கும் நேரத்தின் பங்கு. யாருக்கும் உடம்பு இரண்டு பக்கமும் அச்சடித்தது போல இருப்பதில்லை. உசைன் போல்ட்டுக்கு முதுகெலும்பில் பக்கவாட்டு வளைவு உண்டு, அவருடைய இரண்டு கால்களும் தரையில் ஒரே மாதிரி இயங்குவதில்லை என்பதும் அளந்து பார்க்கப்பட்டிருக்கிறது. 2009இல் பெர்லினில் 9.58 வினாடி அந்தக் கால்களில்தான் வந்தது. சாலை ஒரு பக்கம் சரிந்திருந்தாலே வாட்ச்சின் எண் மாறும், அதனால் ஒரு நாள் எண்ணை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

பல மாதமாக 50.5 என்று இருந்தது திடீரென்று 52க்குப் போனால், அல்லது எப்போதும் ஒரே பக்கத்தில்தான் காயம் வருகிறது என்றால், அப்போது கவனிக்க வேண்டும். உடம்பு ஏதோ ஒரு வலியை ஒதுக்கி வைத்து ஓடுகிறது என்று அர்த்தமாக இருக்கலாம். ஒற்றைக் காலில் குதிகாலை எத்தனை தடவை ஏற்றி இறக்க முடிகிறது என்று இரண்டு காலிலும் எண்ணிப் பாருங்கள். வித்தியாசம் பெரிதாக இருந்தால் பலம் குறைந்த காலுக்கு ஒரு சுற்று கூடுதலாகக் கொடுத்து, ஆறு வாரம் கழித்து மறுபடி எண்ணுங்கள். அப்போதும் மாறவில்லை என்றால் ஒரு பிசியோதெரபிஸ்ட்டிடம் காட்டுவது நல்லது. போகும்போது ஸ்லோ மோஷன் படங்களையும், பழைய ஷூவையும் எடுத்துப் போங்கள். அடிப்பாகம் எங்கே தேய்ந்திருக்கிறது என்று அவர் பார்க்கக் கேட்பார்.